ஜூலை 15-க்கு முன் அறுத்த புல்: கான்சாஸில் ஒரு நிலப் பாதுகாப்பு ஒப்பந்தம்

அமெரிக்காவில், மேற்கு கான்சாஸின் ஒரு கவுன்டியில் (நம் மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதி), 2022 கோடையில் நடந்தது இது. அரசு தரும் நிலப் பாதுகாப்புத் தொகையை நம்பியிருந்த ஒரு மூதாட்டி, அவருடைய நிலத்தை உழும் குத்தகைதாரர், அந்தக் குத்தகைதாரருக்குப் பயிர் ஆலோசகராக இருந்த நான் என மூன்று பேர் இதில் சம்பந்தப்பட்டோம். ஆட்களின் பெயரையும் கவுன்டியின் பெயரையும் தவிர்த்திருக்கிறேன். என் பங்கைத் தவிர்க்கவில்லை.

பின்னணி

அமெரிக்காவில் 1985-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தோடு வந்தது சிஆர்பி (Conservation Reserve Program) என்ற நிலப் பாதுகாப்புத் திட்டம். காற்றிலும் மழையிலும் எளிதில் அரிபடும் சாகுபடி நிலத்தை விவசாயி உழாமல் விட்டு, அதில் புல்லோ மரமோ வளர்க்க வேண்டும். பதிலுக்கு 10 முதல் 15 ஆண்டுகள் வரை அரசு ஏக்கருக்கு இவ்வளவு என்று ஆண்டு வாடகை தரும். முதலில் புல் விதைக்கும் செலவிலும் ஒரு பங்கை ஏற்கும். நம் பேச்சில் தரிசு என்றால் கைவிட்ட நிலம். சிஆர்பி நிலம் அப்படியல்ல. களை மண்டவிடக்கூடாது, மரக்கன்று முளைத்தால் பிடுங்க வேண்டும், என்ன புல் எவ்வளவு அடர்த்தி என்பதெல்லாம் ஒப்பந்தத்தோடு இணைத்த பாதுகாப்புத் திட்டத்தில் இருக்கும். உழாமல் இருப்பதே அங்கே ஒரு வேலை.

இந்தச் செலவுக்குக் காரணம் அந்த மண்ணின் வரலாறு. 1930-களில் மேற்கு கான்சாஸ், ஓக்லஹோமாவின் மேற்கு முனை, கிழக்கு கொலராடோ எல்லாம் புழுதிக்காடாயின. 1935 ஏப்ரல் 14 அன்று எழுந்த புழுதிப் புயலுக்கு இன்றும் கறுப்பு ஞாயிறு என்றுதான் பெயர். அதே மாதத்தில் மண் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1950-களின் வறட்சியில் புழுதி மறுபடி கிளம்ப, 1956-இல், நிலத்தை உழாமல் விடப் பணம் தரும் மண் வங்கித் திட்டம் வந்தது. சிஆர்பி அந்த வழியில் மூன்றாவது. நாடு முழுக்க அதன் உச்சம் 2007-இல், சுமார் 3.68 கோடி ஏக்கர். அதன்பின் தானிய விலை ஏற ஏற, ஒப்பந்தம் முடிந்த நிலங்கள் பலவும் மறுபடி ஏருக்குப் போயின.

ஒரு கவுன்டியின் சாகுபடி நிலத்தில் பொதுவாக 25 சதவீதத்துக்கு மேல் இதில் சேரக்கூடாது என்று வரம்பு உண்டு. நிலம் உழப்படாவிட்டால் விதைக்கடை, உரக்கடை, டிராக்டர் பழுதுபார்ப்பவர், தானியக் கிடங்கு எல்லாருக்கும் வேலை குறையும். ஊரே மெல்ல அடங்கிவிடும். அந்தப் பகுதியில் கதவடைத்துக் கிடக்கும் கடைகளைப் பார்த்தவனுக்கு இந்த வரம்பு வெறும் எண்ணாகத் தெரியாது.

இந்த நிகழ்வின் நிலம் 150 ஏக்கர். மூதாட்டியின் கணவர் 1987-இல் முதன்முதலில் அதைச் சேர்த்தார். அப்போதிருந்த ஒப்பந்தம் 2016 அக்டோபர் 1 முதல் பத்தாண்டுகளுக்கு. ஏக்கருக்கு 38 டாலர், ஆண்டுக்கு 5,700 டாலர். ஒவ்வோர் ஆண்டும் முடிந்த ஆண்டுக்கான தொகை அக்டோபரில் வரும். கணவர் இறந்தபின் ஒப்பந்தம் அந்த அம்மாவின் பெயரில் மட்டும் இருந்தது. 2022-இல் அவருக்கு வயது 81. நிலத்திலிருந்து ஏறத்தாழ 200 மைல் தள்ளி விச்சிட்டா நகரத்தில் ஒரு சிறு வீட்டில் இருந்தார். ஓய்வூதியத்துக்கு அடுத்து அவருக்கு நிச்சயமான வரவு இது ஒன்றுதான். கான்சாஸில் சொத்து வரியின் முதல் பாதியை டிசம்பர் 20-க்குள் கட்ட வேண்டும். அதை அவர் அக்டோபர்த் தொகையிலிருந்துதான் கட்டிவந்தார்.

அவருடைய மற்ற நிலத்தை, பக்கத்துப் பண்ணைக்காரரான அந்தக் குத்தகைதாரர் வாரத்துக்கு உழுதார். விளைச்சலில் மூன்றில் ஒரு பங்கு நிலத்துக்கு, இரண்டு பங்கு உழுபவருக்கு. எல்லாம் வாய்ப்பேச்சு, எழுத்து எதுவும் கிடையாது. கணவர் காலத்திலிருந்தே அப்படித்தான். சிஆர்பி நிலத்தில் குத்தகைதாரருக்குப் பங்கில்லை. ஆனால் களை தெளிப்பதும் வேலி பார்ப்பதும் அவர்தான். அதற்கு அவர் காசு கேட்டதில்லை.

ஜூன் 28: என்னிடம் வந்த கேள்வி

அந்த ஆண்டு மேற்கு கான்சாஸில் பல இடங்களில் கோதுமை முழங்கால் உயரம்கூட வரவில்லை. வறட்சி வரைபடத்தில் எங்கள் கவுன்டி டி3 நிலையில், அதாவது மிகக் கடும் வறட்சியில் இருந்தது. குத்தகைதாரரிடம் 40 தாய்ப்பசுக்கள். மேய்ச்சல் நிலம் ஜூன் முடிவதற்குள் பழுப்பாகிவிட்டது. விலைக்கு வாங்கலாம் என்றால் புல்லும் எளிதில் கிடைக்கவில்லை.

ஜூன் 28 அன்று சோள வயலோரம் நின்று பேசிக்கொண்டிருந்தோம். கிளம்பும்போது கேட்டார்: “இந்த வருசம் சிஆர்பி புல்லை அறுக்கவிடுவாங்களா?”

“வறட்சி டி2 நிலைக்கு வந்தாலே அவசர அனுமதி உண்டு. நாம டி3-ல இருக்கோம். விடுவாங்க” என்றேன்.

அவ்வளவுதான் சொன்னேன். சொன்னதில் தவறில்லை. சொல்லாமல் விட்டதில்தான் தவறு. கான்சாஸில் ஏப்ரல் 15 முதல் ஜூலை 15 வரை நிலத்தில் கூடுகட்டும் பறவைகளின் முட்டைக் காலம். அந்தக் காலத்தில் வறட்சியே ஆனாலும் சிஆர்பி புல்லை அறுக்கக்கூடாது. அது முடிந்த பிறகும், நிலத்துக்கு ஒப்பந்தம் போட்டவர் முன்கூட்டியே விண்ணப்பித்து, பாதுகாப்புத் திட்டத்தைத் திருத்தி, எழுத்தில் அனுமதி வாங்க வேண்டும். அப்போதும் வயலில் பாதிக்கு மேல் அறுக்கக்கூடாது. கவுன்டிக்கு அனுமதி உண்டு என்பது வேறு, இந்த வயலுக்கு அனுமதி கிடைத்துவிட்டது என்பது வேறு. எனக்கு இந்த வேறுபாடு மனப்பாடம். அதனாலேயே அவருக்கும் தெரிந்திருக்கும் என்று எடுத்துக்கொண்டேன்.

அவர் அன்றிரவே அந்த அம்மாவுக்குப் போன் செய்து, “அறுக்கலாமாம், அறுத்துக்கொள்ளட்டுமா?” என்று கேட்டிருக்கிறார். அவரும் சரி என்றிருக்கிறார். அந்தக் கோடையின் அவசர அறுப்பு விதிகள் மின்னஞ்சலில் சுற்றறிக்கையாக வந்திருந்தன. அந்த அம்மாவிடம் மின்னஞ்சல் கிடையாது. குத்தகைதாரர் ஒப்பந்தத்தில் இல்லாததால் அவருக்கு எதுவும் வர வாய்ப்பில்லை. விதியை அறிந்திருக்க வேண்டியவர் 200 மைல் தொலைவில் இருந்தார். இயந்திரத்தில் உட்கார்ந்தவர் எதிலும் கையெழுத்துப் போட்டவரல்ல. இரண்டு பேருக்கும் நடுவில் நின்றது என் ஒற்றை வாக்கியம்.

ஜூலை 11: வயலில் கண்டது

திங்கட்கிழமை காலை சோளத்தில் பூச்சி பார்க்கப் போனேன். சிஆர்பி வயலில் சுருட்டிப்போட்ட புல் உருளைகள் சாலையிலிருந்தே தெரிந்தன. குத்தகைதாரர் 7, 8 தேதிகளில் அறுத்திருக்கிறார். அந்த வெயிலில் இரண்டே நாளில் காய்ந்துவிட, ஞாயிறு முதல் உருட்டிக்கொண்டிருந்தார். பிறகு அளந்ததில் அறுத்தது 88 ஏக்கர். வயலின் பாதி 75 ஏக்கர்தான். மிச்சமிருந்த 62 ஏக்கரையும் மறுநாள் அறுப்பதாக இருந்தார்.

உருளைகள் 58. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 1,200 பவுண்டு. 40 பசுக்களுக்கு நாளைக்கு ஒரு உருளை போதும் என்பதால் 58 நாள் தீவனம். அவர் கணக்கு அதுதான், அதைத் தாண்டி வேறு நோக்கம் எதுவும் இல்லை.

அறுத்த வரிசையில் நடந்தேன். லிட்டில் புளூஸ்டெம் என்ற புல்லின் தூர்கள் நான்கு அங்குல உயரத்தில் நின்றன. கையால் பிரித்துப் பார்த்தால் அடியில் பச்சை இருந்தது. வடக்கு மூலையில், தரையில் கூடுகட்டும் கோழி இனப் பறவையான ஃபெசன்ட்டின் கூடு ஒன்று. பெட்டை முட்டையைவிட்டு எழவில்லை போலிருக்கிறது. அடைகாக்கும் ஃபெசன்ட் பெட்டை பெரும்பாலும் கடைசி நொடிவரை எழாது, இயந்திரம் அதன் மேலேயே ஏறிவிடும். இறகு ஒரு பக்கம் ஒட்டிக் கிடந்தது. ஆலிவ் நிறத்தில் ஏழு முட்டை, அதில் இரண்டுதான் உடையாதவை. முதல் கூடு கெட்டு இரண்டாம் முறை இட்டதாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஜூலையில் முட்டை இருக்காது. அந்தத் தேதி எதற்காக விதியில் இருக்கிறது என்று பிறகு யாரும் எனக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை.

இயந்திரத்தை நிறுத்தச் சொல்லி விதியைச் சொன்னேன். அவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பேசாமல் நின்றார். பிறகு கேட்ட முதல் கேள்வி, “அந்த அம்மாவுக்கு என்ன ஆகும்?”

என்ன ஆகும் என்பதன் கணக்கு

ஒப்பந்தம் அரசுக்கும் அந்த அம்மாவுக்கும் இடையிலானது. யார் அறுத்தாலும் பொறுப்பு அவருடையது. மீறலுக்காக ஒப்பந்தம் ரத்தானால் அதுவரை வாங்கிய வாடகை முழுவதையும் திருப்பித் தர வேண்டும். 2017 அக்டோபர் முதல் 2021 அக்டோபர் வரை ஐந்து தவணை, 28,500 டாலர். அதற்கு வட்டி. அதோடு ஓராண்டு வாடகையில் 25 சதவீதம் ஈட்டுத்தொகை, 1,425 டாலர். வரவேண்டிய மிச்ச ஆண்டுகளின் தொகையும் போகும். இவ்வளவும் 58 உருளைப் புல்லுக்காக.

நல்லெண்ணத்தோடு நடந்தவர், அறியாமல் தவறினார் என்று கவுன்டிக் குழு கருதினால், ரத்து செய்யாமல் தொகையைக் குறைத்து ஒப்பந்தத்தைத் தொடரவிடலாம். அந்தக் குழு எஃப்எஸ்ஏ எனப்படும் பண்ணைச் சேவை முகமையின் கீழ் இயங்குவது. உள்ளூர் விவசாயிகளே வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் 3 முதல் 11 பேர் அதில் இருப்பார்கள். மழையில்லாத ஆண்டு என்றால் என்னவென்று அவர்களுக்குச் சொல்லிப் புரியவைக்க வேண்டியதில்லை. ஆனால் அதே காரணத்தால், அனுமதி வாங்கி ஜூலை 16 வரை காத்திருந்த மற்ற விவசாயிகளின் முகத்தையும் அவர்கள் பார்த்தாக வேண்டும்.

அரசு அலுவலர் தவறாகச் சொல்லி அதை நம்பிச் செய்தவருக்கு விதியில் தனி நிவாரணம் உண்டு. தனியார் ஆலோசகர் சொன்னதற்கு அது பொருந்தாது. என் சொல்லை அந்த அம்மாவுக்கு ஒரு கேடயமாகத் தர முடியாது என்று புரிந்தபோதுதான் மனம் மிகவும் கனத்தது.

ஜூலை 12: எடுத்த முடிவு

மறுநாள் போனில் நால்வர் பேசினோம். நால்வரில் ஒருவர் அந்த அம்மாவின் மகன். அவர் கேட்டது நியாயமான கேள்விதான்: “யார் பார்க்கப்போகிறார்கள்? அக்டோபருக்குள் புல் வளர்ந்துவிடாதா?” வான்படத்தை வைத்தும் நேரில் வந்தும் சோதனை நடப்பதுண்டு என்றேன். சோதனை வராமலும் போகலாம், அதையும் சொன்னேன். ஆனால் அவர்களே கண்டுபிடித்தால் நல்லெண்ணம் என்ற வாதம் அங்கேயே செத்துவிடும்.

மகன் இன்னொரு வழி சொன்னார். குத்தகைதாரர் கேட்காமல் அறுத்தார் என்று எழுதிவிடலாம். குத்தகைதாரர் அதற்கும் தயாராக இருந்தார். “பழி என் மேல் இருக்கட்டும்” என்றார்.

அந்த அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. “என்னைக் கேட்டார். நான்தான் சரி என்றேன்.” பிறகு கொஞ்ச நேரம் வேறு எதையோ பேசுவதுபோல் பேசினார். 1950-களில் சிறுமியாக இருந்தபோது அம்மா போர்வைகளை நனைத்து ஜன்னலில் தொங்கவிடுவாராம். காலையில் போர்வை சேறாகியிருக்குமாம், தட்டைக் கவிழ்த்து வைத்துத்தான் மேசை போடுவார்களாம். “அவர் அந்த நிலத்தில் புல் விதைத்தது பணத்துக்காக மட்டுமில்லை” என்று கணவரைப் பற்றிச் சொன்னார். அதற்குமேல் மகன் பேசவில்லை.

முடிவு இதுதான். அறுப்பை நிறுத்துவது. உருளைகளை அசைக்காமல் வயலிலேயே விடுவது, மாட்டுக்கு ஒன்றுகூடப் போடாமல் இருப்பது. மறுநாளே அலுவலகத்துக்குப் போய் நாமாகச் சொல்வது. உருளைகளை விடுவதில்தான் குத்தகைதாரருக்கு வலி. பசியோடு நிற்கும் மாட்டுக்கு எதிரே தீவனம் கிடக்கும், தொடக்கூடாது. ஆனால் தீவனத்தைத் தின்னவிட்ட பிறகு ‘தெரியாமல் செய்தோம்’ என்று சொன்னால் எடுபடாது. முன்பு தெரியாது என்பது உண்மை, இப்போது தெரிந்துவிட்டது.

ஜூலை 13 முதல் ஆகஸ்ட் வரை

அந்த அம்மா தன் கையாலேயே அரைப் பக்கம் எழுதினார். எந்தத் தேதியில் தன்னிடம் கேட்டார்கள், தான் என்ன சொன்னார், எத்தனை ஏக்கர், எப்போது அறுப்பை நிறுத்தினார்கள். சாக்குப்போக்கு ஒரு வரிகூட இல்லை. மகன் அதைப் படமெடுத்து அனுப்பினார், மூலக் கடிதம் தபாலில் வந்தது. குத்தகைதாரர் தனியாக ஒன்று எழுதினார். ஜூன் 28 அன்று நான் சொன்னதையும் சொல்லாததையும் நானும் எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தேன். விதிப்படி அதற்கு மதிப்பில்லாமல் இருக்கலாம், நடந்தது முழுதாகப் பதிவாக வேண்டும் என்பதற்காக.

21-ஆம் தேதி என்ஆர்சிஎஸ் எனப்படும் இயற்கை வளப் பாதுகாப்புச் சேவையின் ஊழியர் ஒருவர் வந்தார். தூர்களின் உயரம், உயிரோடிருக்கும் அடர்த்தி, மண் வெளித்தெரியும் இடங்கள் எல்லாம் பார்த்தார். புல் அழியவில்லை, உருளைகளை எடுக்கும்போது ஈரத்தில் வண்டி ஓட்டக்கூடாது என்று குறித்தார். ஈரத்துக்கு அந்த மாதம் எங்கே போவது!

ஆகஸ்ட் இரண்டாம் வாரம் குழு கூடியது. நல்லெண்ணம் இருந்ததாகக் கருதி ஒப்பந்தத்தைத் தொடரவிட்டார்கள். அறுத்த 88 ஏக்கருக்கான அந்த ஆண்டு வாடகை, 3,344 டாலர், குறைக்கப்பட்டது. உருளைகளை எடுக்கவும் அப்போதுதான் அனுமதி வந்தது. ஐந்து வாரம் வெயிலில் கிடந்ததில் மேல்தோல் வெளுத்திருந்தது, உள்ளே நன்றாகவே இருந்தது.

அதற்குள் குத்தகைதாரர் 15 பசுக்களை விற்றுவிட்டார். அந்தக் கோடையில் எல்லாரும் விற்றார்கள், விலையும் அதற்கேற்பத்தான் கிடைத்தது.

பிறகு

அக்டோபரில் அந்த அம்மாவுக்கு வந்தது 2,356 டாலர். குறைந்த 3,344-ஐக் குத்தகைதாரர் இரண்டு தவணையில் கொடுத்தார், முதல் தவணை வரி கட்டும் நாளுக்கு முன்பே. அந்த ஆண்டுக்கான ஆலோசனைக் கட்டணத்தை நான் வாங்கவில்லை.

இதில் எனக்கு உறுத்தும் ஒன்று உண்டு. 58 உருளை என்பது ஏறத்தாழ 35 டன். கணக்குப் பார்த்தால் குத்தகைதாரருக்குப் புல் டன்னுக்கு ஏறத்தாழ 96 டாலருக்குக் கிடைத்துவிட்டது. விதியை மதித்துக் காத்திருந்த பக்கத்துப் பண்ணைக்காரர் ஒருவர் அதைவிட அதிக விலைக்கு வாங்கினார். அவர் என்னிடம் கடிந்து எதுவும் சொல்லவில்லை. “உங்க ஆளுக்கு லாபம்தான்” என்று மட்டும் சொன்னார். ஐந்து வாரக் காத்திருப்பும் விற்ற பசுக்களும் அவர் கண்ணில் படவில்லை. ஆனாலும் அவர் சொன்னதை என்னால் முழுக்க மறுக்க முடியாது. இரக்கம் காட்டும் தண்டனை, முறையாக நடந்தவருக்கு இழப்பாகப் படக்கூடாது. இங்கே கொஞ்சம் பட்டது.

2023 வசந்தத்தின் கடைசியில் மழை வந்தது. அறுத்த பகுதியில் புளூஸ்டெம் மற்ற பகுதியைவிடச் செறிவாகத் தளிர்த்தது. பழைய சருகு நீங்கியதால் தூருக்கு வெளிச்சம் கிடைத்திருக்கும். புல்லை எப்போதாவது ஒருமுறை அறுப்பதோ மேய்ப்பதோ புல்வெளிக்கு நல்லதே, அதனால்தான் முறையான அறுப்புக்குத் திட்டத்திலேயே இடமிருக்கிறது. தவறிய காலமும் கேட்காத அனுமதியும்தான் சிக்கல்.

மாற்றியவையும் மாற வேண்டியவையும்

குத்தகை இப்போது எழுத்தில் இருக்கிறது. இரண்டு பக்கம். சிஆர்பி வயலில் அறுப்பு, மேய்ப்பு, மருந்தடிப்பு எதுவானாலும் அலுவலகத்தின் எழுத்து அனுமதி கையில் வந்த பிறகே இயந்திரம் இறங்க வேண்டும். மீறினால் வரும் இழப்பு முழுவதும் உழுபவருடையது. இதை எழுதச் சொன்னவர் குத்தகைதாரர்தான்.

அந்த அம்மா, தன் சார்பில் பேசவும் விண்ணப்பிக்கவும் மகனுக்கு அதிகாரம் கொடுத்திருக்கிறார். சுற்றறிக்கைகள் மகனின் மின்னஞ்சலுக்கும் குத்தகைதாரரின் மின்னஞ்சலுக்கும் போகின்றன. ஒப்பந்தத்தில் இல்லாதவரும் சுற்றறிக்கைக்குப் பதிவு செய்துகொள்ளலாம் என்பது 2022-க்கு முன் எங்கள் யாருக்கும் தோன்றவில்லை.

நான் செய்துகொண்ட மாற்றம்: ‘விடுவாங்க’ என்று இனி வயலோரத்தில் சொல்வதில்லை. எந்த வயல், யார் பெயரில் ஒப்பந்தம், எந்தத் தேதி, எத்தனை ஏக்கர், கையில் காகிதம் உண்டா என்று ஐந்தையும் கேட்ட பிறகுதான் பதில். என் வாடிக்கையாளர்கள் எல்லாருக்கும் ஏப்ரல் 15, ஜூலை 15 என்ற இரு தேதிகளை மட்டும் பெரிய எழுத்தில் அச்சடித்த அட்டை கொடுத்திருக்கிறேன். டிராக்டரின் முன்கண்ணாடி ஓரத்தில் செருகும் அளவு.

மாறாதது ஒன்று இருக்கிறது. அதே குத்தகைதாரர் இன்னும் இரண்டு பேரின் சிஆர்பி நிலத்தையும் பார்த்துக்கொள்கிறார். ஒருவர் டென்வரில் இருக்கிறார், இன்னொருவரின் வாரிசுகள் மூன்று மாநிலங்களில் இருக்கிறார்கள். அந்த நிலங்களுக்கு இன்றும் வாய்ப்பேச்சுதான். இரண்டு முறை கடிதம் போட்டிருக்கிறார், பதில் வரவில்லை. அவற்றில் களை தெளிப்பதோடு நிறுத்திக்கொள்கிறார்.